பிளஸ் டூ முடிச்ச தம்பி ஆட்டோமொபைல்தான்னு நிக்கான்: ஐடிஐயா, டிப்ளமோவா, பி.இ.யா?

முக்கூடல்_ஏஸ் | திங்கள் இரவு 9:10

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நான் முக்கூடல்ல லோடு ஆட்டோ ஓட்டுதேன். 2011 மாடல் டாடா ஏஸ். தம்பி இந்த வருசம் பிளஸ் டூ முடிச்சிருக்கான், தமிழ் மீடியம். மேத்ஸ் 62, பிசிக்ஸ் 70, கெமிஸ்ட்ரி 66. கட்-ஆஃப் 200-க்கு 130 வருது. சின்னதுல இருந்தே அவனுக்கு வண்டின்னா உசுரு. படுத்துக்கிட்டே ரோட்டுல போற லாரி சத்தத்தக் கேட்டு லேலண்டா டாடாவான்னு சொல்லிருவான். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் தவிர வேற பேச்சே இல்ல.

போன வாரம் ஒரு தனியார் காலேஜ்ல இருந்து ரெண்டு பேர் வீட்டுக்கே வந்துட்டாவ. பி.இ. ஆட்டோமொபைல், முடிச்சதும் எல்லாருக்கும் வேலைங்காவ. எந்தக் கம்பெனின்னு கேட்டா கலர் நோட்டீசத் திருப்பித் திருப்பிக் காட்டுதாவளே தவிர வாயத் தொறக்கல. சர்டிபிகேட்ட வாங்கிட்டுப் போறதுலயே குறியா இருந்தாவ. நான் குடுக்கல.

அப்பா இல்ல. அம்மா பீடி சுத்துதா. என் வண்டி காலைல ரெண்டு பேரு தள்ளுனாத்தான் ஸ்டார்ட் ஆவுது, அந்த லட்சணத்துல வருமானம். துட்டு போட்டுப் படிக்க வச்சு வீணாப் போயிரக் கூடாது. வெவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க.

பாளை_ரவுண்டானா | திங்கள் இரவு 9:31

இதுல யோசிக்க என்ன இருக்கு? அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்குல்லா. அதுல சீட்டு கெடைச்சா பீஸு, ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டிரும். பி.இ.லயே போடுங்க.

முக்கூடல்_ஏஸ் | திங்கள் இரவு 9:44

ஆறாப்புல இருந்து எட்டாப்பு வரைக்கும் ஊர்ல பாதிரியார் நடத்துத சாமியார் பள்ளிக்கூடம் அண்ணாச்சி. ஒம்பதுல இருந்துதான் அரசு மேல்நிலைப் பள்ளி. சாமியார் பள்ளிக்கூடமும் அரசு உதவி பெறும் பள்ளிதான், அது கணக்குல வராதா?

சாக்பீஸ் | திங்கள் இரவு 10:20

வராது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி அந்த 7.5-க்குள் சேராது. நம் திருநெல்வேலிப் பக்கம் மிஷன் பள்ளிகள் நிறைய. வருடா வருடம் இதே ஏமாற்றத்தோடு பெற்றோர் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். பாலிடெக்னிக்கில் 19 வருடமாகப் பாடம் எடுக்கிறேன்.

ஆனால் வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சிலிங் வழியாகச் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. தாசில்தார் அலுவலகச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். காலேஜ்காரர்கள் வீட்டுக்கு வந்து பிடிக்கிற நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, அதை அவர்கள் சொல்லமாட்டார்கள். மாதம் 1,000 ரூபாய் தருகிற தமிழ்ப் புதல்வன் திட்டம் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவருக்கும் உண்டு, ஐடிஐ, டிப்ளமோ, டிகிரி மூன்றுக்குமே.

இப்போது வருடக் கணக்கு. நேரடி பி.இ. 4 வருடம். பிளஸ் டூவில் கணக்கு, அறிவியல் படித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், 2 வருடத்தில் முடியும். அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு, இன்னும் 3 வருடம். மொத்தம் 5. ஒரு வருடம் கூடுதல்தான். ஆனால் வீட்டில் பணம் முட்டினால் இரண்டாவது வருட முடிவிலேயே கையில் ஒரு சான்றிதழோடு வேலைக்குப் போய்விடலாம். பி.இ.யில் இரண்டாம் வருடம் நின்றால் கையில் ஒன்றும் இருக்காது, அரியர் லிஸ்ட் மட்டும் இருக்கும்.

130 கட்-ஆஃபுக்குச் சென்னை குரோம்பேட்டை எம்ஐடி எல்லாம் எட்டாது. 1949-இல் அந்தக் கல்லூரி தொடங்கியபோதே ஆட்டோமொபைல் படிப்பு இருந்தது. அதன் மதிப்பே வேறு. அந்தப் பெயரைக் காட்டி இன்னொரு கல்லூரியின் ஆட்டோமொபைலை விற்கிறார்கள்.

வேப்பங்கொட்டை | திங்கள் இரவு 10:52

தூத்துக்குடிலயே வியட்நாம்காரன் வந்து கார் செய்ய ஆரம்பிச்சிட்டான். இன்னமும் எல்லாரும் மெட்ராஸ், ஓசூர்னு பேசிட்டு இருக்கீங்களே. பக்கத்து ஊர்ல கம்பெனி. என்ன படிச்சாலும் எடுத்துக்கிடுவான்.

சாக்பீஸ் | திங்கள் இரவு 11:05

வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்டு 4-இல் திறந்தது உண்மை. ஆரம்பத் திறன் வருடத்துக்கு 50,000 வண்டி. பாடி, பெயின்ட், அசெம்பிளி எல்லாம் அங்கேயே. ஆனால் "என்ன படிச்சாலும்" என்பது தவறு. அப்படிப்பட்ட ஆலையில் ரோபோவும் கன்வேயரும்தான் பாதி வேலையைச் செய்கின்றன. அது நின்றுபோனால் ஓட வைக்கிற ஆள்தான் நிலைப்பார்: பிஎல்சி (மெஷினை இயக்குகிற சின்னக் கம்ப்யூட்டர்), சென்சார், மோட்டார் டிரைவ் தெரிந்தவர். அதை ஆட்டோமொபைல் பாடத்தைவிட எலெக்ட்ரிக்கல், மெக்கட்ரானிக்ஸ் பாடத்தில்தான் அதிகம் சொல்லித் தருகிறோம்.

ஒரகடம்_ரிட்டர்ன் | செவ்வாய் காலை 6:40

நான் சொல்லுதத கேளுங்க. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறி தாம்பரத்துல எறங்குனவன் நான். ஒரு ரூம்ல எட்டு பேரு. ஷிப்டு மாறி மாறிப் படுக்கதால பாய் சூடு ஆறவே ஆறாது. கார் கம்பெனில வேலைன்னு ஊருக்குள்ள அம்மா பெருமையா சொல்லிட்டு இருந்தா. உள்ள என்ன வேலை தெரியுமா? டோர் லைன்ல நாலு போல்ட்டு. போல்ட்டு இறுக்குத டார்க் கன்ன வச்சு அழுத்தணும், பச்ச லைட் எரியணும், அடுத்த வண்டி. ஒரு வருசம் அதே நாலு போல்ட்டு. அஞ்சாவது போல்ட்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது.

வருசம் முடிஞ்சதும் ட்ரெய்னிங் முடிஞ்சிட்டு, போயிட்டு வான்னுட்டாவ. அடுத்த கம்பெனிலயும் ட்ரெய்னிதான். அதுக்கு அடுத்ததுலயும் ட்ரெய்னி. மூணு எடத்துல ட்ரெய்னியா இருந்துட்டு நாலாவது எடத்துக்குப் போனா, வயசு கூடிட்டு, எங்களுக்குப் புதுப் பையங்கதான் வேணுங்கான். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கூட கம்பெனி பேர்ல இல்ல, ஆள் சப்ளை பண்ணுத காண்டிராக்டர் பேர்ல. இப்ப ஊர்ல மோட்டார் பம்பு மாட்டுத சோலி பாக்கேன்.

அதனால ஆர்டர் கைக்கு வந்தா மொதல்ல எந்தப் பேப்பர்ல எடுக்கான்னு பாருங்க. 1961 அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்துக்குக் கீழ எடுத்தா அரசு போர்ட்டல்ல ஒப்பந்தம் ஏறியிருக்கும், அதுக்கு ஒரு நம்பர் இருக்கும். ஐடிஐ பையன்னா கடைசில பரிச்ச எழுதி தேசிய அப்ரண்டிஸ் சர்டிபிகேட்டு கெடைக்கும், அது எங்க போனாலும் செல்லும். சும்மா "ட்ரெய்னி"ன்னு மட்டும் போட்டிருந்தா அதுக்கு வெளிய ஒரு மதிப்பும் கெடையாது. சம்பளம் எவ்வளவுன்னு கேக்கதுக்கு முன்னாடி லைன்ல எத்தன ஸ்டேஷன் (வேலை எடம்) மாத்தி விடுவீங்கன்னு கேளுங்க. நான் கேக்கல.

தாமிரபரணி_தவளை | செவ்வாய் காலை 8:15

டிவிஎஸ் ஆரம்பிச்ச சுந்தரம் ஐயங்கார் நம்ம திருக்குறுங்குடிக்காரர்தாம்வே. 1877-ல பொறந்தவர். மோட்டார் தொழில் நம்ம மண்ணுல ஊறுனது.

ஒரகடம்_ரிட்டர்ன் | செவ்வாய் காலை 8:21

அவரும் மதுரைக்குப் போயித்தான பஸ்ஸு விட்டாரு.

பைதா_அண்ணாச்சி | செவ்வாய் மதியம் 2:35

சாப்பாட்டு நேரத்துல எழுதுதேன், தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்க. நெல்லை வண்ணாரப்பேட்டைல பட்டறை வச்சிருக்கேன். நான் எட்டாம் கிளாஸு. 13 வயசுல ஸ்பேனர் கழுவ வந்தவன், இப்ப 54. எத்தன இன்ஜின் எறக்கியிருப்பேன்னு கணக்கு கெடையாது. ரெண்டு வருசம் முன்னாடி வரைக்கும் படிப்பு எதுக்குவே, கை பழகுனா போதும்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான் நானும்.

2020 ஏப்ரல் 1-ல இருந்து பிஎஸ்-6ங்கற புகை விதிப்படி செஞ்ச வண்டிதான் விக்கணும்னு ஆயிப் போச்சுல்லா. அந்த வண்டில ஒண்ணு வந்துச்சு, களக்காட்டுல இருந்து வாழைத்தார் ஏத்துத வண்டி. இழுவை இல்ல, மீட்டர்ல லைட்டு எரியுது, 40-க்கு மேல போகமாட்டேங்கு. எங்கிட்ட 20 வருசமா இருக்க ஆளு டீசல் ஃபில்டர மாத்துனான், ஏர் ஃபில்டர மாத்துனான், டர்போ ஹோஸ கழத்தி மாட்டுனான். ஸ்கேனர மாட்டுனா பேச்சு அறுந்து போச்சுன்னு வருது, வண்டில இருக்க எந்தக் கம்ப்யூட்டர் பெட்டியோடன்னு தெளிவா வரல. ரெண்டு நாளு போச்சு. வண்டிக்காரன் தார் பழுக்குன்னு தலைல அடிச்சுக்கிடுதான்.

அப்ப நெல்லை பேட்டை அரசு ஐடிஐல மோட்டார் மெக்கானிக் முடிச்சிட்டு எங்கிட்ட ஒரு பையன் சேந்து ஆறு மாசம். கை அவ்வளவு ஓடாது அவனுக்கு. வீல் நட்ட சீரா இறுக்கவே நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவன் பேட்டரிய கழத்திட்டு, ஸ்கேனர் மாட்டுத பிளக்குல 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவுல மீட்டர வச்சான். 120 ஓம் காட்டுது. "அண்ணாச்சி, இது 60 காட்டணும், ஒயரு எங்கயோ அறுந்திருக்கு"ங்கான்.

எனக்குக் கோவம். அது எப்படிலே உனக்குத் தெரியும்னேன். வண்டில இருக்க பெட்டிக எல்லாம் ரெண்டே ரெண்டு ஒயருலதான் பேசிக்கிடுமாம். அந்த ஒயரோட ரெண்டு முனைலயும் ஆளுக்கு ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்குமாம். ரெண்டும் பேரலல்ல நின்னா 60. ஒயரு நடுவுல அறுந்தா ஒரு பக்கத்து 120 மட்டுந்தான் தெரியும். "பிளஸ் டூ பிசிக்ஸ்ல வரும் அண்ணாச்சி"ங்கான். சேஸிஸ் ஓரமா கையத் தடவிட்டே போனான். பின்னாடி எலி கடிச்சு வச்சிருக்கு. நாலு இஞ்சு ஒயரு. வாழைத்தார் வண்டில எலிக்கு என்ன பஞ்சம்.

அதான் முக்கூடல் தம்பிக்கு நான் சொல்லுதது. கோர்ஸு பேரப் பாத்து சேக்காதீரும். லாரி சத்தம் கேட்டுச் சொல்லுதான்னா காது நல்லாருக்குன்னு அர்த்தம், சந்தோசம். ஆனா இப்ப வண்டி சத்தம் போட்டுச் சொல்லுதது கொறஞ்சு போச்சு, மீட்டர்லதான் சொல்லுது. அவனுக்கு அந்தப் பொறுமை இருக்கான்னு பாரும். உம்ம ஏஸு காலைல தள்ளணும்னு எழுதியிருக்கீருல்லா, அத அவங்கிட்ட குடும். ஒரு சாதா மல்டிமீட்டர் வாங்கிக் குடும். காலைல சாவி போடுததுக்கு முன்னாடி பேட்டரில எத்தன வோல்ட்டு இருக்குன்னு குறிக்கச் சொல்லும். 12.6 பக்கத்துல இருந்தா பேட்டரிக்குக் கேடு இல்ல. பொறவு டிசி 20 வோல்ட்டுல வச்சு, கறுப்புக் கம்பி பேட்டரி மைனஸ்ல, சிவப்புக் கம்பி இன்ஜின் பிளாக்குல பெயின்ட் இல்லாத எடத்துல. நீரு செல்ஃப் அடியும். அப்ப மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா என்ன அர்த்தம்னு அவனே யோசிச்சு இங்க வந்து எழுதட்டும். கியர நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக் போடும்வே, பேன் பெல்ட்டு பக்கம் கை வைக்க விடாதீரும்.

சாக்பீஸ் | செவ்வாய் மாலை 5:50

அண்ணாச்சி, அருமையான சோதனை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? 20 வருட ஆள் தவறவிட்டதை ஆறு மாதப் பையன் பிடித்தது அவன் வகுப்பில் உட்கார்ந்ததால்தான். அப்படியென்றால் கோர்ஸ் முக்கியம்தானே?

பைதா_அண்ணாச்சி | செவ்வாய் மாலை 6:02

சாரு மடக்கிட்டாரு. கோர்ஸு வேணும்தான். கோர்ஸோட பேரு வேண்டாம்னேன்.

சாக்பீஸ் | செவ்வாய் மாலை 6:30

சரி, ஒத்துக்கொள்கிறேன். கூடவே ஒரு எச்சரிக்கை. மின்சார வண்டியைப் பட்டறையில் பார்த்துப் பார்த்தே பழகிவிடலாம் என்று எந்தப் பையனும் நினைக்கக் கூடாது. டீசல் வண்டியில் தப்பு செய்தால் கையில் கிரீஸ் படும், பல்லில் டீசல் படும். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறக் கேபிளில் ஓடுவது சுமார் 400 வோல்ட் டிசி. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை காத்திருந்து, 1,000 வோல்ட் தாங்கும் கையுறை போட்டு, மின்சாரம் இல்லை என்பதை அளந்து பார்த்த பிறகுதான் தொட வேண்டும். இதை முறையாகச் சொல்லித் தர ஐடிஐயில் எலெக்ட்ரிக் வெகிக்கிள் மெக்கானிக் என்று இரண்டு வருட டிரேடே (படிப்புப் பிரிவே) வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்தார்கள். ரோபோ, கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி மெஷின் எல்லாம் அதில் வந்தவை. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் உண்டு. பேட்டைக்கு ஒரு எட்டுப் போய் எந்த டிரேடில் எத்தனை இடம் என்று போர்டில் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஓசூர்_பாப்பாக்குடி | செவ்வாய் இரவு 10:14

முக்கூடல் அண்ணே, நான் உங்களுக்குப் பக்கத்து ஊரு, பாப்பாக்குடி. எங்கம்மாவும் பீடிதான். நான் திருநெல்வேலி அரசு இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சேன். இப்ப ஓசூர்ல பிரேக் பாகம் செய்ற கம்பெனில குவாலிட்டி பாக்கேன். ஏழு வருசம் ஆகுது. எங்க லைன்ல ஆட்டோமொபைல் படிச்சவங்க, மெக்கானிக்கல் படிச்சவங்க, புரொடக்‌ஷன் படிச்சவங்க எல்லாரும் ஒரே வேலைதான் பாக்காங்க. ஆனா சில அரசு நிறுவன அறிவிப்புல மெக்கானிக்கல்னு மட்டும்தான் போட்டிருப்பான். அங்க ஆட்டோமொபைல் பையன் வெளிய நிக்கணும். அதனால மெக்கானிக்கல் எடுத்துட்டு வண்டிய விருப்பப் பாடமா வச்சுக்கிறது நல்லதுன்னு எனக்குத் தோணுது.

என் இன்டர்வியூவ சொல்றேன். 12 பேரு போனோம். மேசைல ஒரு ஷாஃப்ட்டும் வெர்னியரும் இருந்துச்சு. டிராயிங்ல 25 மில்லிமீட்டர், பிளஸ் சைபர், மைனஸ் 0.021ன்னு போட்டிருக்கு. அளந்து பாத்து பாஸா பெயிலான்னு சொல்லுங்கன்னாங்க. பத்து பேரு அளந்து பாஸுன்னும் பெயிலுன்னும் சொல்லிட்டு வந்துட்டாங்க. அந்த வெர்னியரோட லீஸ்ட் கவுன்ட்டே, அதாவது அது காட்டுற மிகச் சின்ன அளவே, 0.02. டிராயிங் விடுற மொத்த விலக்கமே 0.021 இருக்கப்ப அத வச்சு எப்படி முடிவு சொல்ல முடியும்? படி அரிசிய மூட்டை தூக்குற தராசுல நிறுக்குற மாதிரி. "இதுல முடியாது சார், மைக்ரோமீட்டர் குடுங்க"ன்னு கேட்டது நானும் இன்னொரு பையனும். ரெண்டு பேரத்தான் எடுத்தாங்க. எனக்கு இத சொல்லிக் குடுத்தது புரபஸர் இல்ல, லேப்ல கருவி எடுத்துக் குடுக்கிற அண்ணன். அவரு பேட்டை ஐடிஐ.

தமிழ் மீடியம்னு தம்பி பயப்பட வேண்டாம். நானும் அதுதான். மொத செமஸ்டர்ல அழுதேன், அது வேற விஷயம். டிராயிங்குக்கு பாஷை கெடையாது. ஆனா சர்வீஸ் மேனுவலும் மெயிலும் இங்கிலீஷ்லதான் வரும், தெனம் ஒரு பக்கம் வாசிச்சா ரெண்டு வருசத்துல பழகிரும். இப்பவே யூடியூப்ல பேட்டரி டெஸ்ட் வீடியோவ இங்கிலீஷ்லயே பாக்கச் சொல்லுங்க.

டிப்போ_மூத்தவர் | புதன் காலை 7:05

அரசு வேலைன்னு ஒரு ஆசை இருந்தா இதையும் காதுல போட்டு வைங்க. மோட்டார் வாகன ஆய்வாளர் பரிச்சைக்கு பி.இ. கேக்கல, ஆட்டோமொபைல் இல்ல மெக்கானிக்கல் டிப்ளமோதான் அடிப்படை. கூட பட்டறை அனுபவமும் ஹெவி லைசன்ஸும் கேட்டிருக்காவ, இப்ப என்ன கேக்காவன்னு அறிவிப்புல பாத்துக்கிடுங்க. படிப்ப முடிச்சவன் பல பேரு லைசன்ஸ் இல்லாம அந்த அறிவிப்ப விட்டுருதான். லைட் லைசன்ஸ் எடுத்து ஒரு வருசம் கழிச்சுத்தான் ஹெவி எடுக்க முடியும். பையனுக்கு 18 ஆன மறுநாளே எல்எல்ஆர் போட்டு விடுங்க. நம்ம போக்குவரத்துக் கழகத்துலயும் அப்ரண்டிஸ் எடுப்பாவ. சோறு போடாது, ஆனா பஸ்ஸோட அடிவயிறு முழுசாத் தெரிஞ்சிரும்.

வேப்பங்கொட்டை | புதன் காலை 7:30

நெல்லை பக்கத்துல இருக்க கங்கைகொண்டான் டயர் கம்பெனிய எல்லாரும் மறந்துட்டீங்க.

சாக்பீஸ் | புதன் காலை 7:48

ஏடிசி டயர், இப்போது ஜப்பானின் யோகோஹாமா கம்பெனி கையில். டிராக்டர், சுரங்க வண்டி டயர் செய்கிறார்கள். அங்கே ரப்பர் கெமிஸ்ட்ரியும் மெஷின் பராமரிப்பும்தான் வேலை. கார் ஆசையோடு வருகிற பையன் முதல் மாதம் முகம் வாடுவான். ஆனால் தினமும் வீட்டுச் சாப்பாடு, அதையும் சொல்ல வேண்டும்.

முக்கூடல்_ஏஸ் | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு இரவு 8:20

அண்ணாச்சி, நான் தம்பி எழுதுதேன், அண்ணன் ஐடில. மொத நாளே மீட்டர் பியூஸ் போயிட்டு. சிவப்புக் கம்பிய 10 ஆம்பியர் ஓட்டைல சொருகி பேட்டரில வச்சிட்டேன், டப்புன்னு ஒரு பொறி. அண்ணன் ஏசுனான். பியூஸ் மாத்தி மறுபடி பாத்தேன். சாவி போடுததுக்கு முன்னாடி 12.5. செல்ஃப் அடிக்கும்போது பிளாக்குக்கும் மைனஸுக்கும் நடுவுல 1.6. பேட்டரி நல்லாருக்கு, ஆனா இன்ஜினுக்கு எர்த்து சரியாப் போகல, வழிலயே 1.6 வோல்ட்டு தின்னுருதுன்னு எழுதி வச்சேன். கீழ படுத்துப் பாத்தா எர்த்து பட்டை பச்சை பூத்துப் போயி நாலு இழைலதான் தொங்குது. ஒரு முனைல போல்ட்டுக்கு அடில பெயின்ட்டு வேற இருந்துச்சு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, புதுப் பட்டை மாட்டுனேன். இப்ப 0.2. இது சரியா?

பைதா_அண்ணாச்சி | ஞாயிறு இரவு 8:41

சரிலே. பியூஸ எரிச்சதும் சரிதான், நான் மூணு மீட்டரு எரிச்சிருக்கேன். ரெண்டு போல்ட்டு மேலயும் கிரீஸ் தடவினியா?

முக்கூடல்_ஏஸ் | ஞாயிறு இரவு 8:44

தடவல. நாளைக்கு தடவுதேன்.

பைதா_அண்ணாச்சி | ஞாயிறு இரவு 8:46

அடுத்த ஞாயித்துக்கெழமை பட்டறைக்கு வா. பழைய சட்டை போட்டுட்டு வா. உங்க அண்ணன் எங்க?

முக்கூடல்_ஏஸ் | ஞாயிறு இரவு 9:30

இப்ப நான் அண்ணன். அரசு பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் நேரடி ரெண்டாம் வருசத்துக்கு அப்ளிகேஷன் போட்டாச்சு. பேட்டை ஐடிஐலயும் மோட்டார் மெக்கானிக்குக்கு ஒண்ணு போட்டு வச்சிருக்கு, எது மொதல்ல வருதோ பாப்போம். ராத்திரித் தூக்கம் போயிருக்கு, இங்கிலீஷ் வீடியோ ஓடிக்கிட்டே இருக்கு வீட்டுல. அந்தக் காலேஜ்காரவிய ரெண்டு பேரும் நேத்துக் காலைலயும் வாசல்ல வந்து நின்னாவ. வண்டி ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு, லோடு இருக்குன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்.